தலைப்பிரசவத்துக்கு முன் படிக்கும் புத்தகங்கள்: எது கைகொடுக்கும், எதைத் தள்ளிவைக்கலாம்

தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீட்டில் புத்தகங்கள் கேட்காமலே வந்து சேரும். அக்கா படித்து முடித்துக் கொடுத்தது, நண்பர் பரிசாகத் தந்தது, இணையத்தில் நட்சத்திரங்களைப் பார்த்து வாங்கியது என்று தலைமாட்டில் ஓர் அடுக்கே நிற்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறைதான். வயிற்றில் குழந்தை வளரும் 40 வாரத்துக்குத் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, பிரசவ வலிக்கு ஓர் அத்தியாயத்தையும், பிறந்த பிறகான முதல் இரண்டு வாரத்துக்குக் கடைசியில் சில பக்கங்களையும் ஒதுக்கி முடித்துக்கொள்கின்றன. ஆனால் பெற்றோர் உண்மையில் தவித்துப்போவது அந்த இரண்டு வாரத்தில்தான். அப்போது உட்கார்ந்து படிக்க நேரம் இருக்காது. அதனால் எந்தப் புத்தகமானாலும் இங்கே ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறோம்: என்ன அறிகுறி வந்தால், எவ்வளவு நேரத்துக்குள், யாரைக் கூப்பிட வேண்டும் என்று நேராகச் சொல்கிறதா?

இதைக் கடையிலேயே, வாங்குவதற்கு முன்பே சோதிக்கலாம். புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவைத் திறந்து நாலு விஷயத்தைத் தேடுங்கள்: குழந்தையின் அசைவு குறைவது, ரத்தப்போக்கு, விடாத தலைவலி, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. சொல்லடைவே இல்லாத புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் அதில் தேடி எடுக்க முடியாது.

அசைவைப் பற்றிய பக்கம் ஒன்றே போதும், புத்தகத்தின் தரத்தைக் காட்டிவிடும். நல்ல புத்தகம் இப்படிச் சொல்லும்: முதல் அசைவு பொதுவாக 16-க்கும் 24-க்கும் இடைப்பட்ட வாரங்களில் தெரியும். தலைச்சன் பிள்ளை என்றால் 20 வாரம் தாண்டியும் ஆகலாம். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் இன்னும் தாமதமாக உணர்வார்கள். எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் எண்ணிக்கை என்று ஒன்று இல்லை. 28 வாரத்துக்குள் உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் பிடிபட்டுவிடும். அந்த வழக்கம் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு என்ற கணக்கைப் பல புத்தகங்கள் தருகின்றன. சந்தேகம் வரும்போது இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணிப் பார்க்க அது உதவும். ஆனால் பத்து வந்துவிட்டது என்பதற்காக, வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதை அலட்சியம் செய்யச் சொல்கிற புத்தகம் ஆபத்தானது. இன்னொரு தப்பும் அடிக்கடி கண்ணில் படுகிறது: “கடைசி மாதத்தில் உள்ளே இடம் இல்லை, அதனால் அசைவு குறையும்.” இது சரியல்ல. உதைப்பதுபோல இருந்தது உருள்வதுபோல மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. வீட்டில் டாப்ளர் கருவி வைத்து இதயத்துடிப்பு கேட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். துடிப்பு கேட்பதால் மட்டும் குழந்தை நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. தாயின் சொந்த நாடித்துடிப்பையே குழந்தையின் துடிப்பு என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு.

இனி அடுக்கில் உள்ளவை. மாதவாரி, வாரவாரிப் புத்தகங்களில் உலகம் முழுக்கப் பரவியது 1984-இல் முதலில் வெளிவந்த ‘வாட் டு எக்ஸ்பெக்ட் வென் யூ ஆர் எக்ஸ்பெக்டிங்’. மாதம் மாதமாகப் பிரித்து, கேள்வி–பதிலாகப் போகும். கால் பிடித்து இழுக்கிறது, நெஞ்செரிச்சல், மூக்கில் ரத்தம் என்று ஒரே ஒரு தொந்தரவைத் தேடிப் போகிறவருக்கு இந்த அமைப்பு அருமை. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை கதைபோலப் படிப்பவருக்கு இதே அமைப்பு கெடுதல். ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதும் பத்தில் எட்டுப் பேருக்கு வருவதும் ஒரே அளவு எழுத்தில், அடுத்தடுத்த கேள்வியாக நிற்கும்போது, படிப்பவர் மனசு எல்லாவற்றையும் ஒரே கனத்தில் ஏற்றிக்கொள்ளும். நடக்கிற மாதம், அடுத்த மாதம், இந்த இரண்டை மட்டும் படித்தால் இந்தச் சிக்கல் வராது.

வாரவாரிப் புத்தகம் எதைத் திறந்தாலும் முதலில் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தை எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. அங்கிருந்து 280 நாள். கரு உருவாவது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே “6-ஆம் வாரம்” என்று போட்டிருக்கும் பக்கத்தில் கருவின் வயது 4 வாரம். சில புத்தகங்கள் கருவின் வயதைச் சொல்லும், சில கர்ப்பத்தின் வயதைச் சொல்லும். இரண்டையும் கலந்து படித்தால் குழந்தை இரண்டு வாரம் பின்தங்கிவிட்டது என்று வீண் பயம் வரும். எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்று முன்னுரையிலேயே சொல்லாத புத்தகத்துக்கு அது குறைதான். முதல் மூன்று மாத ஸ்கேனில் தேதி மாறினால், புத்தகத்தில் பென்சிலால் குறித்த தேதிகளையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஆரம்ப ஸ்கேன்தான் தேதிக்கு நம்பகமானது. பின்னால் எடுக்கும் ஸ்கேன்கள் வளர்ச்சியைப் பார்ப்பவை, அவற்றை வைத்துத் தேதியைத் திருத்துவதில்லை.

இதே வகைப் புத்தகங்களில் பலரைக் குழப்பும் இடம் 20-ஆம் வாரம். 19-ஆம் வாரத்தில் நீளம் 15 செ.மீ. என்று இருக்கும்; பக்கத்தைத் திருப்பினால் 25 செ.மீ. ஒரே வாரத்தில் 10 செ.மீ. வளரவில்லை. அதுவரை உச்சந்தலையிலிருந்து பிட்டம்வரை அளந்தார்கள்; கால்கள் மடங்கியிருப்பதால் அதுதான் எளிது. 20-ஆம் வாரம்போல அளவு தலையிலிருந்து குதிகால்வரை என்று மாறுகிறது. இதை ஒரு வரியில் விளக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாசகரை மதித்து எழுதப்பட்ட புத்தகம் அந்த ஒரு வரியை விட்டிருக்காது. பழங்களோடு ஒப்பிட்டுப் போடும் படங்கள் ஆசைக்குப் பார்க்கலாம், அளவுக்கு ஆகாது. ஸ்கேன் அறிக்கையில் மில்லிமீட்டர் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

மசக்கைப் பகுதியில் இரண்டு தகவல் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று கால அளவு: பெரும்பாலும் 6-ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, 12-இலிருந்து 16-க்குள் தணியும், சிலருக்கு 20 வரை இழுக்கும். இன்னொன்று எல்லை: எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, சிறுநீர் அடர்நிறமாவது, 24 மணி நேரம் தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, எடை இறங்குவது. இவை மசக்கை என்று பொறுத்துக்கொள்ளும் விஷயங்கள் அல்ல, சிகிச்சை வேண்டியவை. “எல்லாருக்கும் வருவதுதான்” என்று தேற்றி முடிக்கிற புத்தகம் அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுவிடுகிறது.

ஃபோலிக் அமிலம் பற்றிய அத்தியாயத்துக்கு ஒரு விசித்திரமான கதி உண்டு. புத்தகத்தை வாங்குவது கர்ப்பம் உறுதியான பிறகு. பின்னால் மூளையும் தண்டுவடமுமாக மாறும் நரம்புக்குழாய் மூடிக்கொள்வதோ கரு உருவான 28 நாளுக்குள், அதாவது கர்ப்பக் கணக்கில் 6-ஆம் வாரத்திலேயே. தினமும் 400 மைக்ரோகிராம் என்பதை கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கி 12-ஆம் வாரம்வரை எடுத்தால்தான் முழுப் பலன். சர்க்கரை நோய், வலிப்புக்கான மருந்து, முந்தைய கர்ப்பத்தில் முதுகுத்தண்டுக் குறைபாடு ஆகியவை இருந்தால் இதைவிடப் பல மடங்கு அதிக அளவு தேவைப்படும். அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்குப் புத்தகம் பரிசளிப்பதானால் இப்போதே கொடுத்துவிடுங்கள், நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வேறு நாட்டில் அச்சான புத்தகம் என்றால் சுகர் பரிசோதனைப் பக்கத்தில் கவனம் தேவை. 24–28 வாரத்தில் செய்யும் இந்தச் சோதனையை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செய்வதில்லை. சில இடங்களில் முதலில் 50 கிராம் குளுக்கோஸ், அதில் சந்தேகம் வந்தால் 100 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் வெறும் வயிற்றோடு போய் 75 கிராம் ஒரே தடவை; வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும், இருப்பது மறைந்தும் போகும். அறிக்கையில் 5.1 போன்ற சின்ன எண் இருந்தால் அது மில்லிமோல். 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும்.

எண்களை வைத்து எழுதப்பட்ட புத்தகங்களில் தனித்து நிற்பது 2013-இல் வந்த ‘எக்ஸ்பெக்டிங் பெட்டர்’. எழுதிய எமிலி ஆஸ்டர் பொருளாதார அறிஞர், மருத்துவர் அல்ல. “இதைச் செய்யாதே” என்ற தடைகளுக்குப் பின்னால் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுதான் இதன் பலம். படுக்கையிலேயே ஓய்வு என்று பழைய நாளில் தாராளமாக எழுதிக்கொடுத்தது குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக ஆதாரம் இல்லை என்பதை இது தெளிவாக விளக்குகிறது. இரண்டு மடங்கு ஆபத்து என்று யாராவது சொன்னால், எவ்வளவிலிருந்து இரண்டு மடங்கு என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்தை இந்த வகைப் புத்தகம் ஏற்படுத்தும். பத்தாயிரத்தில் ஒன்று இரண்டானாலும் இரண்டு மடங்கு, பத்தில் ஒன்று இரண்டானாலும் இரண்டு மடங்கு. முடிவெடுக்க வேண்டியவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

இந்தப் பழக்கம் எங்கே உதவும் என்பதற்குத் தாயின் ரத்தத்தை எடுத்துச் செய்யும் என்.ஐ.பி.டி. சோதனையே நல்ல எடுத்துக்காட்டு. குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் என்ற குரோமோசோம் குறைபாடு இருந்தால் நூற்றுக்கு 99-ஐக் கண்டுபிடித்துவிடும், இல்லாதவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் தவறாக எச்சரிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இளம் வயதுக் கர்ப்பங்களில் ஆயிரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டால், பத்தாயிரம் பேரில் பத்துப் பேருக்கு உண்மையில் இருக்கும். சோதனை அந்தப் பத்தையும் பிடிக்கும். கூடவே இல்லாத 9,990 பேரில் பத்துப் பேரையும் தவறாகப் பிடிக்கும். பாசிட்டிவ் என்று வந்த இருபதில் பாதி தவறு. 40 வயதையொட்டி நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், பத்தாயிரத்தில் நூறு பேர். சோதனை 99-ஐப் பிடிக்கும், தவறாகப் பிடிப்பது அதே பத்து. இப்போது பாசிட்டிவ் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மை. சோதனை ஒன்றுதான், கேட்கிறவரின் வயது மாறியதும் விடையின் பொருள் மாறிவிட்டது. பாசிட்டிவ் வந்தவுடன் எந்த முடிவும் எடுக்காமல் பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் சோதனையில் உறுதிப்படுத்தச் சொல்வது இதனால்தான். “99 சதவீதம் சரியானது” என்று எழுதி நிறுத்திவிடும் புத்தகம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

‘எக்ஸ்பெக்டிங் பெட்டர்’ புத்தகத்தில் ஓரிடத்தில் மட்டும் அதன் வழி போக வேண்டாம்: மது. கொஞ்சம் குடிப்பதால் கெடுதலுக்கு ஆதாரம் இல்லை என்று அது வாதாடுகிறது. கர்ப்பகாலத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்பதே மருத்துவ அமைப்புகளின் நிலை. கெடுதல் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்காதது வேறு, கெடுதல் இல்லை என்று நிரூபணமானது வேறு. காபி விஷயத்தில் இந்த அளவு சண்டை இல்லை: ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள் வைத்துக்கொண்டால் போதும் என்பது பரவலான அறிவுரை.

பிரசவப் புத்தகங்களில் அதிகம் கைமாறுவது அமெரிக்க மருத்துவச்சி ஐனா மே காஸ்கின் 2003-இல் எழுதிய ‘ஐனா மேஸ் கைட் டு சைல்ட்பர்த்’. முதல் பாதி பெண்கள் சொல்லும் பிரசவ அனுபவங்கள், இரண்டாம் பாதி உடல் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம். கேட்டதெல்லாம் பயமுறுத்தும் பிரசவக் கதைகளாகவே இருக்கிற பெண்ணுக்கு இந்த முதல் பாதி மருந்து. வலி எடுக்கும்போது நடப்பது, முட்டிபோட்டுக் குனிவது, தாடையையும் வாயையும் தளர்த்துவது என்று உடம்பால் செய்யக்கூடியவற்றைச் சொல்வதும் பலம். ஆனால் இது மருத்துவச்சிகள் பார்க்கும், பெரிய சிக்கல் இல்லாத பிரசவங்களிலிருந்து எழுந்த புத்தகம். பிரஷர் ஏறியிருப்பவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர் இதைத் தைரியத்துக்காகப் படிக்கலாம். எங்கே, எப்படிப் பெறுவது என்ற முடிவை இதை வைத்து எடுக்கக் கூடாது.

எந்தப் பிரசவப் புத்தகம் காலாவதியானது என்று கண்டுபிடிக்க ஒரே எண் போதும். கருப்பை வாய் மணிக்கு 1 செ.மீ. திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் அது 1950-களில் பிறந்த கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இதை மாற்றியது: வலி முழு வேகம் பிடிப்பதையே 5 செ.மீ.-இலிருந்துதான் கணக்கிட வேண்டும், மணிக்கு 1 செ.மீ. என்பது பல பெண்களுக்குப் பொருந்தாத எதிர்பார்ப்பு, மெதுவாகத் திறக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தலையிட வேண்டியதில்லை. தலைப்பிரசவத்தில் 5 செ.மீ.க்குப் பிறகும் 12 மணி நேரம்வரை ஆகலாம், முக்கித் தள்ளும் கட்டத்துக்கு 3 மணி நேரம்வரை ஆகலாம். பழைய கணக்கைப் படித்த பெண், எட்டு மணி நேரம் கழித்து 3 செ.மீ. என்று கேட்டதும் தன் உடம்பு தோற்றுவிட்டது என்று நொந்துபோகிறாள். தோற்கவில்லை, வேகம் பிடிக்கும் கட்டமே இன்னும் வரவில்லை.

அதே வயதுப் புத்தகங்கள் இனிமா, முடி மழிப்பு, எல்லாருக்கும் கீழே கீறல் என்று வழக்கமான படிகளாக வரிசைப்படுத்தும். இவற்றை எல்லாருக்கும் வழக்கமாகச் செய்வதை உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதில்லை. தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் கட்ட வேண்டும் என்பது புதிய புத்தகத்தில் இருக்கும், பழையதில் இருக்காது. முதுகில் ஊசி போட்டு வலி குறைக்கும் எபிடூரல் சிசேரியனில் கொண்டுபோய் விடும் என்பதும் பழைய பதிப்புகளின் சொத்து. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பு அப்படி எந்த அதிகரிப்பையும் காணவில்லை. புதிய புத்தகத்தில் மட்டும் கிடைக்கும் உருப்படியான விஷயம் ஒன்று, 35-ஆம் வாரத்திலிருந்து பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தசையை மசாஜ் செய்வது. வாரத்துக்கு ஓரிரு முறை செய்தாலும் தலைப்பிரசவத்தில் தையல் தேவைப்படுவது குறைகிறது. இதற்குப் படம் கட்டாயம் வேண்டும், வெறும் எழுத்தில் புரியாது.

மருத்துவமனைக்கு எப்போது கிளம்புவது என்ற பக்கத்தை நகலெடுத்துக் கதவில் ஒட்டலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக அப்படியே என்பது பரவலான கணக்கு. நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடுவது பொய்வலி. ஆனால் இந்தக் கணக்கைப் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டிய நிலைகளும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்: 37 வாரத்துக்கு முன் வலி, ரத்தப்போக்கு, அசைவு குறைவு, பனிக்குடம் உடைவது. பனிக்குடம் உடைந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வெள்ளைப் பேட் வைத்து நிறத்தைப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர்போல இருந்தால் ஒன்று, பச்சையோ பழுப்போ என்றால் இன்னும் அவசரம். குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம்.

சிசேரியன் அத்தியாயத்தைத் தாண்டிப் போகாதீர்கள், சுகப்பிரசவம்தான் என்று நம்பிக்கை இருந்தாலும். நினைக்காத நேரத்தில் முடிவாகும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பயம் பாதியாகும். பெரும்பாலும் இடுப்புக்குக் கீழ் மட்டும் மரக்கச் செய்வார்கள், தாய் விழித்திருப்பார், இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. குழந்தை சில நிமிடத்தில் வெளியே வந்துவிடும், தைக்கத்தான் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிறுநீர்க் குழாய் இருக்கும், சீக்கிரமே எழுந்து நடக்கச் சொல்வார்கள். சிசேரியனைத் தோல்வி என்ற தொனியில் எழுதும் புத்தகம் எவ்வளவு நன்றாக அச்சிடப்பட்டிருந்தாலும் தலைமாட்டில் வைக்கத் தகுந்தது அல்ல.

பால் கொடுப்பது பற்றிய புத்தகத்தைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அதுதான் முதலில் கைகொடுப்பது. இதில் எழுத்தைவிடப் படத்துக்கு மதிப்பு. குழந்தை பிடிக்கும் விதத்தைக் கிட்டத்தில் காட்டும் நாலைந்து படமாவது வேண்டும். குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக, உடம்பு முழுக்கத் தாயின் பக்கம் திரும்பி, தலையும் முதுகும் ஒரே கோட்டில். வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, முகவாய் முதலில் மார்பில் படும்படி அணைக்க வேண்டும். சரியாகப் பிடித்திருந்தால் காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டம் மேல் உதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும், கன்னம் உப்பியிருக்கும், விழுங்கும் ஓசை கேட்கும். கன்னம் குழிந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, வாயை எடுத்த பிறகு காம்பு ஒருபக்கம் தட்டையாகச் சப்பிப்போயிருந்தாலோ பிடி தவறு. அப்போது இழுத்து எடுக்கக் கூடாது. சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துக் காற்றை விட்டுவிட்டு மறுபடி வைக்க வேண்டும். முதலில் சில விநாடி சுருக்கென்று இருப்பது சகஜம். பால் குடிக்கும் நேரம் முழுக்க வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல, பிடியைத் திருத்த வேண்டும்.

பால் போதுமா என்ற கேள்விக்கு நல்ல புத்தகம் கடிகாரத்தைக் காட்டாது, டயபரைக் காட்டும். முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளுக்கு மேல் தினமும் ஆறுமுறையாவது நனைய வேண்டும். மலம் தார்போலக் கறுப்பில் தொடங்கி, பச்சைக்கு மாறி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். பிறந்த எடையில் 10 சதவீதம்வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கேட்பது இயல்பு. சாயங்காலம் தொடங்கி விட்டு விட்டு, மணிக்கணக்காகக் கேட்டாலும் பால் பற்றவில்லை என்று பொருள் அல்ல. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அட்டவணை போட்டிருக்கும் புத்தகம் பால் சுரப்பையே குறைத்துவிடும். மார்பு காலியாகக் காலியாகத்தான் சுரப்பு கூடும். இடைவெளி விட்டால் உடம்பு இவ்வளவு போதும் என்று எடுத்துக்கொள்ளும்.

குழந்தை வளர்ப்புப் புத்தகங்களைப் பழையதாக வாங்கவே வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-இல் வெளியிட்ட புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுங்கள், உங்கள் மனசை நம்புங்கள் என்று ஒரு தலைமுறைப் பெற்றோருக்குத் தைரியம் கொடுத்தது. அதன் 1950-களின் பதிப்பில்தான் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லும் வரி ஏறியது. மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும் என்று நினைத்தார்கள். நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட அந்த அறிவுரை பல ஆண்டுகள் பதிப்புக்குப் பதிப்பு தொடர்ந்தது. குப்புறப் படுப்பதற்கும் தூக்கத்தில் திடீரென இறப்பதற்கும் உள்ள தொடர்பு உறுதியானபின், பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் மல்லாந்து படுக்கவையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. அத்தகைய இறப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின. மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது, மேலேறி வரும் பால் அதற்குள் எளிதில் இறங்காது. பழைய பதிப்பு கையில் கிடைத்தால் பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். உறுதியான, சமமான படுக்கை, தலையணை வேண்டாம், தளர்ந்த போர்வை வேண்டாம், மல்லாந்து மட்டும் என்று இல்லாத புத்தகத்தை யாருக்கும் கைமாற்றிக் கொடுக்க வேண்டாம். நாலு மாதத்துக்கு முன் திட உணவு, இடையில் தண்ணீர், தொப்புளில் பவுடர் என்று எழுதியவையும் அதேபோல ஒதுக்க வேண்டியவை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தொப்புளைச் சுத்தமாக, உலர்வாக விட்டால் அது தானே விழும்.

குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் மஞ்சள் காமாலைக்கும் இடம் வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாள் லேசாகத் தெரிவது சகஜம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தால், அல்லது உள்ளங்கால்வரை இறங்கினால், அல்லது குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தால் அவசரம். வெயிலில் காட்டினால் போதும் என்பது சிகிச்சை அல்ல.

தாயைப் பற்றி இந்தப் புத்தகங்கள் பேசும் பக்கங்கள்தான் மிகக் குறைவு, மனசு நோகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, முட்டையைவிடப் பெரிய ரத்தக்கட்டி, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கெண்டைக்காலில் ஒருபக்கம் மட்டும் வீக்கமும் வலியும், கண்ணில் பூச்சி பறப்பதோடு கூடிய தலைவலி, இவை உடனடியாகப் பார்க்க வேண்டியவை. பிரஷர் சிக்கல் பிரசவத்தோடு முடிந்துவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு. ஆறு வாரம்வரை வரலாம். மனசைப் பொறுத்தவரை, முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானவர்களுக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தணியும். அதைத் தாண்டியும் நீடித்தால் அது நோய், குணமாகும் நோய். இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் உருவான எடின்பரோ கேள்வித்தாள் பத்தே கேள்வி, 30 மதிப்பெண். அதை அச்சிட்டிருக்கும் புத்தகத்துக்கு நம் கணக்கில் தனி மரியாதை. 13-ஐத் தொட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றே பேச வேண்டும்.

அப்பாக்களுக்கென்று வரும் புத்தகங்கள் பெரும்பாலும் நகைச்சுவையிலேயே போய்விடுகின்றன. அதற்குச் செலவழிப்பதைவிட, மேலே சொன்ன புத்தகங்களில் கிளம்பும் நேரம், பால் பிடி, தாயின் அபாய அறிகுறிகள் ஆகிய பக்கங்களில் சீட்டு வைத்துக் கணவரைப் படிக்கச் சொல்வது மேல். தன் தலைவலி அபாயமானதா என்று அந்த நேரத்தில் தாய்க்கே தெரியாமல் போகலாம். ஆப்கள் இலவசம், தினமும் ஞாபகப்படுத்தும். ஸ்கேன் தேதியை மாற்றிக் கொடுக்காவிட்டால் பிள்ளை பிறக்கும்வரை தப்பான வாரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டே புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், மாதவாரிப் புத்தகம் ஒன்றின் கடைசிப் பதிப்பும், படங்களோடு கூடிய தாய்ப்பால் புத்தகம் ஒன்றும். மற்றதை நூலகத்தில் எடுத்துப் படித்தால் போதும். எந்த வாரத்தில் எதைப் படிப்பது என்றால், 12 வாரம்வரை ஆரம்பப் பகுதி. 18-இல் ஸ்கேன் பகுதி. 28-க்குள் அசைவு, தலைவலி, வீக்கம். 30-இலிருந்து 34-க்குள் பிரசவமும் சிசேரியனும். 36 முடிவதற்குள் பால் கொடுப்பதும் முதல் இரண்டு வாரமும். 37-க்குப் பிறகு எந்த நாளும் வலி எடுக்கலாம் என்பதால் புதிதாக எதையும் தொடங்காமல், மாதவாரிப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு தாளை ஒட்டி இவற்றை எழுதிவையுங்கள்: பிரசவ வார்டின் நேரடித் தொலைபேசி எண், ஸ்கேன்படி பிரசவத் தேதி, ரத்த வகை, நெகட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்து ஆன்டி-டி ஊசி போட்ட தேதி, ஒவ்வாத மருந்துகளின் பெயர், தினமும் எடுக்கும் மாத்திரைகளும் அவற்றின் மில்லிகிராம் அளவும்.